காணாமல் போன நாள்கள்



பொது அறிவுப் புதிர்ப் போட்டிகளில் அடிக்கடி இடம்பெறும் கேள்வி ஒன்று உண்டு. ஒரே நாளில் மறைந்த உலகப் புகழ்பெற்ற எழுத்தாளர்கள் இருவர் யாவர்? இங்கிலாந்தின் ஷேக்ஸ்பியர், ஸ்பெயின் நாட்டின் செர்வாண்டிஸ் என்பதே எதிர்பார்க்கப்படும் விடை. இருவரும் மறைந்த நாள் 1616 ஏப்ரல் 23 என்பார்கள். யுனெஸ்கோ நிறுவனம் 1995இல் ஏப்ரல் 23ஆம் நாளை உலகப் புத்தக நாளாக அறிவித்தது. பள்ளிகளிலும் அந்நாள் கொண்டாடப்படுகிறது.

ஆனால், அவ்விருவரும் ஒரே நாளில் மறையவில்லை என்பதே உண்மை. ஷேக்ஸ்பியர் மறைந்தபொழுது ஸ்பெயின் நாட்டில் மே மாதம் 3ஆம் திகதி ஆகிவிட்டிருந்தது. அதற்குள் செர்வாண்டிஸ் அடக்கம் செய்யப்பட்டுப் பத்து நாள்கள் கடந்துவிட்டன. திகதி ஒன்றாக இருந்தும் நாள் வேறாக இருப்பது எங்ஙனம்? அந்த வியப்புக்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது.

பதினொரு நிமிடம் செய்த வேலை

ரோமாபுரியின் ஜூலியஸ் சீசர் கி.மு. 45இல் நடைமுறைப்படுத்திய நாள்காட்டி, ஓர் ஆண்டுக்கு 365 நாள் 6 மணி நேரம் எனக் கணக்கிட்டது. அந்த ஆறு மணி நேரத்தைச் சேர்த்துவைத்தே நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை பிப்ரவரியில் ஒரு நாள் கூட்டப்பட்டது. ஆனால், பருவங்கள் ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்கு ஆகும் காலம் இதைவிட ஏறத்தாழ 11 நிமிடம் குறைவு. பதினொரு நிமிடம் என்ன பெரிய வேறுபாடு என்று தோன்றலாம். சிறு துளி பெருவெள்ளம் அல்லவா? ஏறத்தாழ 128 ஆண்டுகளில் அது ஒரு முழு நாளாகிவிடுகிறது.

பகலும் இரவும் சமமாகும் மார்ச் 21ஆம் நாளை ஒட்டியே கிறித்தவர்களின் ஈஸ்டர் திருநாள் கணிக்கப்பட்டது. பதினாறாம் நூற்றாண்டில் அந்தச் சமநாள் மார்ச் 11க்கே வந்துவிட்டது. ஆகவே, போப்பாண்டவர் 13ஆம் கிரகோரி 1582இல் நாள்காட்டியைத் திருத்தினார். அவ்வாண்டு அக்டோபர் 4, வியாழக்கிழமை. மறுநாள் வெள்ளிக்கிழமைதான், ஆனால், திகதி அக்டோபர் 15! இடைப்பட்ட பத்துத் திகதிகளும் வழக்கில் வராமலே போயின. ஸ்பெயின் நாட்டுத் துறவி அவிலாவின் தெரேசா அந்த அக்டோபர் 4ஆம் நாள் இரவில்தான் மறைந்தார். அவருடைய விழா இன்றும் அக்டோபர் 15இல் கொண்டாடப்படுகிறது.

இனியும் பிழை சேராமல் இருக்க, நூற்றாண்டு முடிவுகளில் 400ஆல் வகுபடுபவை மட்டுமே நெட்டாண்டு என்ற விதியும் வகுக்கப்பட்டது. அதனால்தான் 1900இல் பிப்ரவரி 29 இல்லை, 2000இல் இருந்தது.

கணக்கு ஒன்று, மனம் வேறு

இத்தாலி, ஸ்பெயின், போர்ச்சுகல், போலந்து ஆகிய கத்தோலிக்க நாடுகள் உடனே இதை ஏற்றன. போப்பாண்டவரின் ஆணை என்பதனாலேயே சீர்திருத்தச் சபையைச் சார்ந்த நாடுகள் பல ஏற்க மறுத்தன. இங்கிலாந்து 170 ஆண்டுகள் பழைய கணக்கிலேயே வாழ்ந்தது. 1752 செப்டம்பர் 2க்கு அடுத்த நாளைச் செப்டம்பர் 14 என்று அறிவித்தபொழுதுதான் அது வழிக்கு வந்தது. அதற்குள் வேறுபாடு பதினொரு நாள்களாகிவிட்டிருந்தது.

"எங்கள் பதினொரு நாள்களைத் திருப்பிக் கொடுங்கள்" என்று மக்கள் கலகம் செய்தனர் எனப் பல நூல்களில் காணலாம். அத்தகைய கலகம் நடந்ததற்குச் சான்று இல்லை என்பதே இன்றைய வரலாற்றாய்வாளர்களின் முடிவு. ஓவியர் ஹோகார்த் 1755இல் தேர்தல் காலத்தை எள்ளி நகையாடி வரைந்த ஓவியம் ஒன்றில் அம்முழக்கம் இடம்பெற்றது. நையாண்டியே காலப்போக்கில் வரலாறாகிவிட்டது.

சுவீடன் நாட்டின் கதை இன்னும் விந்தையானது. நாள்களை ஒரேயடியாக நீக்காமல், நெட்டாண்டுகளைத் தவிர்த்துப் படிப்படியாகக் குறைக்க அந்நாடு 1700இல் திட்டமிட்டது. போர்க்காலக் குழப்பத்தில் திட்டம் நின்றுபோக, சுவீடனின் கணக்கு எந்த நாட்டோடும் பொருந்தாமற் போயிற்று. பழைய கணக்குக்கே திரும்புவதற்காக 1712இல் ஒரு நாளைக் கூடுதலாகச் சேர்த்தனர். அதனால் அவ்வாண்டு சுவீடனில் பிப்ரவரி 30 என்றொரு நாள் இருந்தது!

ரஷ்யா 1918இல்தான் மாறியது. 1917 'அக்டோபர் புரட்சி' உலகின் பிற பகுதிகளுக்கு நவம்பர் 7ஆம் நாள் நிகழ்ச்சி. அறிவியல் வகுப்பில் சொல்லப்படும் செய்தி ஒன்றும் இங்கு நினைக்கத்தக்கது. கலிலியோ மறைந்த அதே 1642இல் நியூட்டன் பிறந்தார் என்பர். கலிலியோவுக்கு இத்தாலியின் புதிய நாள்காட்டியையும் நியூட்டனுக்கு இங்கிலாந்தின் பழைய நாள்காட்டியையும் பயன்படுத்தினால் மட்டுமே இது பொருந்தும். இருவருக்கும் புதிய நாள்காட்டியையே கொண்டால் நியூட்டன் பிறந்தது 1643 ஜனவரி 4 ஆகும்.

வணிகமும் ஆட்சியும்

நாளை மாற்றியது வானியல் மட்டுமன்று. நம் அண்டை நாடான பிலிப்பீன்ஸ், ஸ்பெயின் ஆட்சியில் மெக்சிகோவோடு கப்பல் வணிகத்தால் பிணைக்கப்பட்டிருந்தது. அமெரிக்கக் கண்டத்தின் திகதியையே பின்பற்றியதால், ஆசிய அண்டை நாடுகளைவிட ஒரு நாள் பின்தங்கியிருந்தது. மெக்சிகோ விடுதலை பெற்று அத்தொடர்பு அற்றபின், 1844 டிசம்பர் 31ஆம் நாளை நீக்கி அது ஆசியாவோடு இணைந்தது. சமோவா தீவு நாடும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வணிகத்தை முன்னிட்டு 2011 டிசம்பர் 30ஆம் நாளைக் கைவிட்டது. வியாழன் இரவு உறங்கியவர்கள் சனிக்கிழமை விழித்தார்கள்.

நம் வீட்டுச் சுவர்க் கடிகாரத்துக்கும் இத்தகைய வரலாறு உண்டு. 1942இல் ஜப்பானியர் மலாயாவையும் சிங்கப்பூரையும் கைப்பற்றியபொழுது தோக்கியோ நேரத்தைப் புகுத்தினர். கடிகார முள் ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டது. போர் முடிந்த 1945இல் பழைய நேரம் திரும்பியது. பின்னர், தீபகற்ப மலேசியாவையும் சபா, சரவாக் மாநிலங்களையும் ஒரே நேரத்தின்கீழ்க் கொணர்வதற்காக, தீபகற்பத்தின் நேரம் அரை மணி முன்னே நகர்த்தப்பட்டது. சிங்கப்பூரும் உடன் மாறியது. 1981 டிசம்பர் 31 இரவு 11.30 ஆனதும் நள்ளிரவு 12 எனக் கொள்ளப்பட்டு 1982 பிறந்தது. ஆகவே, அன்றிரவு 11.45க்குத் தீபகற்ப மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ ஒரு குழந்தைகூடப் பிறந்திருக்க முடியாது!

இதன் விளைவை நம் பிள்ளைகள் நாள்தோறும் காண்கிறார்கள். நிலவுருண்டையில் கோலாலம்பூர் இருக்கும் இடத்தை வைத்துப் பார்த்தால், நம் கடிகாரம் கதிரவனைவிட ஒரு மணி நேரத்துக்கும் மேலாக முந்தி ஓடுகிறது. காலை ஏழு மணிக்குப் பிறகே பொழுது புலர்கிறது. பள்ளிப் பேருந்துக்காகப் பிள்ளைகள் இருட்டில் நிற்பது இயற்கையின் ஏற்பாடன்று. மனிதர்கள் எடுத்த முடிவு.

ஆசிரியர்கள் இதைச் செலவில்லாமல் மெய்ப்பிக்கலாம். பள்ளித் திடலில் ஒரு கோலைச் செங்குத்தாக நட்டு, நண்பகல் 12 மணி முதல் பதினைந்து நிமிடத்திற்கு ஒருமுறை நிழலை அளக்கச் செய்யுங்கள். கோலாலம்பூர் வட்டாரத்தில் நிழல் மிகக் குறுகுவது பன்னிரண்டு மணிக்கன்று. ஏறத்தாழ 1 மணிக்கும் 1.30க்கும் இடையில். 'உச்சிப்பொழுது என்றால் 12 மணி' என்று மனனம் செய்த மாணவன் அந்நிழலைப் பார்த்து ஏன் என்று கேட்பான். அக்கேள்வியிலிருந்து வரலாறு, புவியியல், கணிதம் மூன்றையும் கற்பிக்கலாம்.

விந்தைச் செய்திகளைப் பிள்ளைகள் விரும்பிப் படிக்கிறார்கள், நல்லதே. ஆனால், விடையை ஒப்புவிப்பதோடு அது முடிந்துவிடக்கூடாது. அடுத்த புதிர்ப் போட்டியில் ஒரு மாணவி எழுந்து, "ஐயா, அவர்கள் இருவரும் ஒரே நாளில் மறையவில்லையே" என்றால், விடைத்தாளில் இல்லை என்பதற்காக அவளுக்குத் தவறு போட்டுவிடாதீர்கள். "எந்த நாள்காட்டிப்படி, அம்மா?" என்று கேளுங்கள். விடையைவிட அவள் தரும் விளக்கத்துக்கே முழு மதிப்பெண் உரியது.