ரேடியோ நெல்லும் ஒரு ரேடியோ கிளப்பும்

1960களில் தஞ்சாவூர் ஜில்லா விவசாயிகள் ஒரு நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்று பேர் வைத்தார்கள். ஆபீஸ் பெயர் ஏ.டி.டி. 27, ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்து நெல். நெல்லுக்கும் ரேடியோவுக்கும் என்ன சம்பந்தம்? அதற்குக் கொஞ்சம் பின்னால், மெட்ராசுக்குப் போக வேண்டும்.

1924-ல் இந்தியாவில் அரசாங்க ரேடியோ நிலையம் என்று எதுவும் கிடையாது. அந்த வருஷம் மே 16 அன்று சி.வி. கிருஷ்ணசாமி செட்டியும் நண்பர்களும் சேர்ந்து 'மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்'பை ஆரம்பித்தார்கள். எல்லாம் ஆர்வக்கோளாறுதான், வேறென்ன! ஜூலை 31 முதல் ஒலிபரப்பு. டிரான்ஸ்மிட்டரின் சக்தி வெறும் 40 வாட். பழைய குண்டு பல்பு ஒன்று எரிய ஆகிற அளவு. பிறகு 200 வாட் ஆக்கினார்கள்.

கேட்பவர்களும் பாதி விஞ்ஞானிகள் மாதிரிதான் இருந்தாக வேண்டும். அந்தக் காலத்து மலிவான ரேடியோ 'கிரிஸ்டல் செட்'. ஒரு கம்பிச்சுருள், நீளமான ஏரியல், ஒரு துண்டு ஈயத்தாதுக் கல், ஹெட்போன், அவ்வளவே. பேட்டரி வேண்டாம், ஏரியலில் வந்து விழும் அலையின் சக்தியே போதும். ஆனால் கல்லில் எந்த இடத்தில் கம்பி முனை பட்டால் சத்தம் வரும் என்று யாருக்கும் தெரியாது! குத்திக் குத்திப் பார்க்க வேண்டும். கிடைத்த பிறகு யாராவது மேஜையைத் தட்டினால் போச்சு, மறுபடி முதலிலிருந்து.

கிளப் 1927 அக்டோபரில் மூடப்பட்டது. பணம் இல்லை. காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இது உடனே புரியும். கடையில் சோப்பு வாங்கினால் காசு கொடுக்காமல் வெளியே வர முடியாது. காற்றில் வருகிற பாட்டை, சந்தா கட்டாதவனும் கேட்கலாம். கேட்பவர் கூடக் கூட வரவு கூடாது, செலவு மட்டும் நிற்காது. நஷ்டக் கணக்கு என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம், ஆனால் அது நியாயமில்லை. கிளப் தன் டிரான்ஸ்மிட்டரை மெட்ராஸ் கார்ப்பரேஷனுக்குக் கொடுத்தது. 1930 ஏப்ரல் 1 முதல் கார்ப்பரேஷனே ஒலிபரப்பு நடத்தியது. மெரினாவில் ஒலிபெருக்கி வைத்தார்கள். வீட்டில் செட் இல்லாதவரும் கடற்கரையில் நின்று பாட்டுக் கேட்டார். 1938-ல் ஆல் இந்தியா ரேடியோவின் மெட்ராஸ் நிலையம் வந்ததும் அந்த வேலையும் முடிந்தது.

அடுத்த வருஷம் திருச்சி. 1939-ல் ராஜாஜி திருச்சி நிலையத்தைத் திறந்து வைத்தார். தேதி மே 16! கிளப் ஆரம்பித்து சரியாக 15 வருஷம். தற்செயலாகத்தான் இருக்கும்.

திருச்சி, ஸ்ரீரங்கம் என்று நின்றுவிடாமல் காவிரி போகிற வழியெல்லாம், டெல்டா முழுக்க இந்த நிலையம் கேட்டது. 1966-ல் இங்கே 'பண்ணை இல்லம்' பிரிவு வந்தது. வயலுக்கு விதை, உரம், பூச்சி. வீட்டுக்குச் சமையல், சத்துணவு, குழந்தை வளர்ப்பு. அதே சமயம்தான் ஏ.டி.டி. 27 வயலுக்கு வந்தது. ஜப்பான் ரகம் ஒன்றையும் நம்மூர் ஜி.இ.பி. 24-ஐயும் ஒட்டி உண்டாக்கிய நெல். சுமார் 105 நாளில் அறுவடை, குறுவைக்குத் தோதானது. ஆனால் தெரியாத விதையை வயலில் போடுவது கிரிஸ்டல் செட் விளையாட்டு இல்லை, தப்பினால் வீட்டுக்கு நெல் இல்லை. விதைக்கிற நாளிலிருந்து என்ன செய்ய வேண்டும் என்பதை ரேடியோ அந்தந்தப் பருவத்தில் சொல்லிக்கொண்டே வந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் கேட்டுக்கொண்டார். ரகம் வேகமாகப் பரவியது.

ஒரு சின்ன வேடிக்கை. ஜி.இ.பி. என்பது 'கவர்ன்மென்ட் எகனாமிக் பொட்டானிஸ்ட்' என்ற உத்தியோகப் பெயரின் சுருக்கம். தாய் நெல்லுக்கு ஆபீசரின் பதவிப் பெயர், பிள்ளைக்கு ரேடியோவின் பெயர்.