தலைக்கு மேல போன கரண்ட்

"கரண்ட் எங்க தலைக்கு மேலதான் போச்சு, லயத்துக்குள்ள வரல." குப்பி விளக்குக் காலத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எங்க அப்பாயி இதைச் சொல்லுவாங்க. வெறும் புலம்பல்னு நினைச்சிருந்தேன். அது வரலாறு.

கெஹெல்கமு ஓயா, மஸ்கெலி ஓயா நீரில் மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் கட்டுரை வாசித்தார். லக்ஸபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது 1950இல். 1969இல் பொல்பிட்டிய நிலையம் 75 மெகாவாட்டோடு வந்தது. அதே காலத்தில் மவுசாகலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரம் மூழ்கியது. கடும் வறட்சியில் தண்ணீர் இறங்கினால் அங்கே இருந்த கோயில் இன்னும் வெளியே தெரியும். ஊரை இழந்தது மலை. கம்பிகளோ தோட்டங்களைத் தாண்டி கொழும்புப் பக்கம் போயின. பல லயங்கள் அதற்குப் பிறகும் வருஷக்கணக்கா மண்ணெண்ணெயிலதான் இருந்தன.

கோச்சியின் கதையும் இதேதான். ரயில் பாதை 1884இல் ஹட்டனுக்கு வந்தது. பக்கத்திலேயே இவ்வளவு மின்சாரம் பிறந்தும், மலையகப் பாதையில் இன்றும் ஓடுவது டீசல் எஞ்சின்தான். ஆனா ஸ்டேஷன்களுக்கு மின்சாரம் தேவையில்லை என்று அர்த்தமில்லை. ஒற்றைத் தண்டவாளத்தில் இரண்டு ரயில் எதிரெதிரே வராமல் காப்பது டேப்லெட் முறை. வில்லை கையில் இல்லாமல் டிரைவர் அடுத்த ஸ்டேஷனுக்குப் புறப்பட முடியாது. இரு ஸ்டேஷன்களின் கருவிகளும் கம்பியால் இணைந்தவை. ஒரு நேரத்தில் ஒரு வில்லைதான் வெளியே வரும். அதற்கு வேண்டியது கொஞ்ச மின்சாரம். ஆனா அது நிற்கவே கூடாது.

ஒதுக்குப்புற ஸ்டேஷன், ரயில் கடவை, சிக்னல் அறை எல்லாவற்றுக்கும் தேவை இப்படித்தான். இங்கேதான் சூரியனும் காற்றும் சேர்ந்த கலப்பு முறை பொருந்துது. ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல வெயில். ஆற்றில் நீர் குறைவு. மே முதல் செப்டம்பர் வரை மேகம், மழை. ஆனா தென்மேற்குக் காற்று பலம். ஒன்று சோரும்போது மற்றது தாங்கும், இடைவெளியை பேட்டரி நிரப்பும்.

இது கனவில்லை. பட்டிப்பொல ஸ்டேஷனுக்குக் கிட்ட அம்பேவெலயில் காற்றாலைகள் சுற்றுகின்றன. யாழ்ப்பாணத்தின் எழுவைதீவில் காற்று, வெயில், பேட்டரி, டீசல் நான்கையும் சேர்த்த கலப்பு அமைப்பே இருக்கிறது. எல்லா இடத்துக்கும் ஒரே அளவு சரிவராது என்பதும் உண்மை. மழைக்குப் பேர்போன வட்டவளைப் பள்ளத்தில் அம்பேவெல மேட்டுக் காற்றை எதிர்பார்க்க முடியாது. இடத்துக்கு இடம் அளந்து பார்த்துத்தான் அமைக்கணும்.

என் கேள்வி தொழில்நுட்பத்தைப் பற்றியதில்லை. பொல்பிட்டிய கட்டப்பட்டபோது, பக்கத்து லயத்துக்கு எத்தனை பல்பு வேணும்னு யாரும் முதலில் கணக்குப் போடவில்லை. நாளைக்கு ஒரு மலை ஸ்டேஷன் கூரையில் பேனல் ஏறும்போதாவது, ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கிற லயத்தையும் அந்தக் கணக்கில் சேர்ப்பாங்களா?