பட்டான் கல்

வேற்றுமை என்றதும் நமக்குப் பகையும் பிரிவினையுந்தான் நினைவுக்கு வருகின்றன. இலக்கணத்தில் அந்தச் சொல் அவ்வளவு பொல்லாததன்று. பெயரின் பொருளை வேறுபடுத்துவது எதுவோ, அதுவே வேற்றுமை. வடமொழியார் இதை 'விபக்தி', அதாவது பிரிவு, என்றார்கள். கிரேக்கரும் ரோமரும் 'வீழ்தல்' என்று பொருள்படும் சொல்லால் குறித்தார்கள்.

ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று பள்ளிக்கூடத்தில் தலையை ஆட்டி ஆட்டி நெட்டுருப் போட்டோமே, அந்த உருபுகள் ஏட்டோடு நின்றுவிடவில்லை. தருமபுரி, அரூர்ப் பக்கத்து நடுகற்களிலும் அவை இருக்கின்றன. ஆநிரைப் பூசலில் மாண்ட வீரர்களுக்கு ஊரார் எடுத்த கற்கள் அவற்றில் பல.

'சிவகாமியின் சபத'த்தைப் படித்தவர்களுக்கு மகேந்திர பல்லவனை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 7ஆம் நூற்றாண்டுக் கற்களில் அவன் 'மயீந்திர பருமற்கு' என்று வருகிறான், அடுத்தது ஆட்சியாண்டு. இன்று நாம் 'மகேந்திரவர்மனுடைய ஆண்டு' என்போம். கல் பொறித்தவனோ நான்காம் வேற்றுமையை வைத்தான்: அரசனுக்கு இத்தனையாவது ஆண்டு!

இத்தகைய கல்வெட்டுகள் பலவும் 'பட்டான் கல்' என்று முடிகின்றன. பட்டான் என்றால் போரில் வீழ்ந்தவன். இங்கே உருபு இல்லை. வீழ்ந்தவனுடைய கல்லா, வீழ்ந்தவனுக்கு எடுத்த கல்லா? உருபு தொக்கி நிற்கிறது என்று இலக்கணப் புலவர் சொல்லிவிடுவார். எனக்கு மட்டும் இரண்டு பொருளும் வேண்டியிருக்கிறது. ஆண்டுக் கணக்கு அரசனுக்குப் போயிற்று. மாடுகளை மீட்கப் போய்த் திரும்பாதவனுக்கு இந்தக் கல்லாவது இருக்கட்டுமே!