தண்டனை நீங்கியதால் நகரம் சரிந்ததா? ஓரிகன் சான்றும் பிரிவு 64அ-வும்

போதைப்பொருள் வைத்திருப்பதைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்தால் நகரம் சீரழியும் என்ற வாதத்துக்கு, அமெரிக்காவின் ஓரிகன் மாநிலமும் அதன் பெருநகரான போர்ட்லாந்தும் நிலையான எடுத்துக்காட்டுகளாகிவிட்டன. அங்கே நடந்ததைக் காட்டி, சென்னைக்குத் தெற்கே கூடுவாஞ்சேரி, பொத்தேரி, கிளாம்பாக்கம் என நீளும் ஜி.எஸ்.டி. சாலைப் பகுதிக்கும் கடுந்தண்டனையே வழி என்று முடிப்பவர்கள் உண்டு. அந்தச் சான்று அம்முடிவைத் தாங்காது. அதைச் சரியாக வாசித்தால் நம் சட்டத்திலேயே முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கிடக்கும் ஒரு பிரிவின் குறைதான் வெளிப்படும்.

ஓரிகன் வாக்காளர்கள் 2020 நவம்பரில் ஏற்ற 110-ஆம் முன்மொழிவு, 2021 பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சிறிதளவு வைத்திருந்தால் 100 டாலர் அபராதம். உதவி எண்ணை அழைத்து உடல்நலப் பரிசோதனைக்கு உட்பட்டால் அதுவும் இல்லை. 2024 செப்டம்பர் 1 அன்று போதைப்பொருள் வைத்திருப்பது மீண்டும் குற்றமாக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் அளவுமீறிய போதையால் நேர்ந்த இறப்புகள் கூடின; இதில் கருத்து வேறுபாடு இல்லை. பிற மாநிலங்களோடு ஒப்பிட்டுப் பழியைச் சட்டத்தின்மேல் ஏற்றிய ஆய்வுகளும் வந்தன. ஆனால் அந்த ஒப்பீட்டில் ஃபென்டனில் என்ற வீரியமிக்க செயற்கைப் போதைப்பொருள் எந்த மாநிலத்துக்கு எப்போது வந்து சேர்ந்தது என்ற கேள்விக்கு இடமில்லை. கிழக்கு மாநிலங்களை 2010-களின் நடுவிலேயே பீடித்த அந்த வேதிப்பொருள், மேற்குக் கரையில் பரவியது சில ஆண்டுகள் கழித்துத்தான். அந்த வருகைக் காலத்தையும் கணக்கில் சேர்த்த பிந்தைய ஆய்வுகளில், சட்டத்துக்கும் இறப்புக்கும் இருந்ததாகச் சொல்லப்பட்ட தொடர்பு மறைந்துவிட்டது. 2023-இல் அமெரிக்கா முழுவதும் இவ்வகை இறப்புகள் சுமார் 3 விழுக்காடு குறைந்தபோது, அலாஸ்கா, வாஷிங்டன், ஓரிகன் ஆகிய மூன்று மாநிலங்களிலும் குறைந்தது 27 விழுக்காடு கூடின. இவற்றுள் வாஷிங்டனை நான் சான்றாகக் கொள்ளவில்லை. அங்கும் 2021 பிப்ரவரியில் நீதிமன்றம், போதைப்பொருள் வைத்திருப்பதைக் குற்றமாக்கிய அப்போதைய சட்டத்தைச் செல்லாததாக்கியிருந்தது. அலாஸ்கா அப்படியல்ல. அங்கே அது குற்றமாகவே நீடித்தது, இறப்பும் ஏறியது. மக்கள்தொகை குறைந்த மாநிலத்தின் ஓராண்டுக் கணக்கை அளவுக்கு மீறி நம்பக்கூடாதுதான். ஆயினும் மெய்ப்பிக்க வேண்டிய கடமை, சட்டத்தைக் குற்றஞ்சாட்டுவோருடையது. போர்ட்லாந்தின் நடுநகர் வெறிச்சோடியதோ பெருந்தொற்றால் அலுவலகங்கள் காலியான 2020-இல்; வாக்கெடுப்பு அதற்குப் பிறகுதான் நடந்தது.

அப்படியானால் ஓரிகனில் தோற்றது எது? மாநிலத் தணிக்கை அறிக்கை 2023 ஜனவரியில் விடை சொல்லிவிட்டது. முதல் 15 மாதங்களில் உதவி எண்ணுக்கு வந்த அழைப்புகள் 119 மட்டுமே. ஓர் அழைப்புக்கான செலவு 7,000 டாலருக்கும் மேல். தண்டனை முதலில் போனது. சிகிச்சைக்கான நிதியோ ஓராண்டுக்கு மேல் தாமதித்தே மையங்களைச் சென்றடைந்தது.

இந்த இடைவெளி நமக்குப் புதிதல்ல. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் 1989-இல் சேர்ந்து, 2001-இல் திருத்தப்பட்ட பிரிவு 64அ, சிறிய அளவு வைத்திருந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட போதை அடிமை தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்களிக்கிறது. சிகிச்சையை முடிக்காவிட்டால் விலக்கு பறிபோகலாம். கஞ்சாவுக்குச் சிறிய அளவின் எல்லை ஒரு கிலோ. 2024 ஆகஸ்ட் 31 அன்று மாணவர்கள் தங்கும் பொத்தேரி அடுக்குமாடிக் குடியிருப்பொன்றில் ஏறத்தாழ 1,000 காவலர்கள் 500-க்கும் மேற்பட்ட வீடுகளைச் சோதித்தபோது, செய்திகளின்படி சிக்கிய கஞ்சா சுமார் அரைக் கிலோ. முழுவதும் ஒரே ஆளிடம் இருந்திருந்தாலும் அது சிறிய அளவுதான். அங்கே பிடிபடும் மாணவருக்கு 64அ உதவுமா? பெரும்பாலும் உதவாது. சட்டம் ‘அடிமை’ என்பவரை அப்பொருளைச் சார்ந்தே வாழ்பவர் என வரையறுக்கிறது. நெடுநாள் பழகியவருக்கு ஒரு வாசல் உண்டு. முதல் முறை புகைத்தவருக்கு எஞ்சுவது வழக்கும் ஓராண்டு வரையிலான சிறைத்தண்டனைக்கான வாய்ப்பும். சிகிச்சை தேவைப்படாதவரைக் கடுமையாக நடத்தும் இந்த வரையறையை மாற்றச் சட்டத் திருத்தமே வேண்டும்.

ஆந்திர-ஒடிசா எல்லை மலைகளிலிருந்து மூட்டையாக வரும் கஞ்சாவை என்ன செய்வது என்று கேட்கலாம். 20 கிலோவுக்கு மேல் கடத்துபவருக்குப் பத்தாண்டுக்குக் குறையாத சிறை உண்டு. ‘கஞ்சா வேட்டை’ நடவடிக்கைகள் அவர்கள்மேல் பாயட்டும், என் வாதம் அதைத் தொடவில்லை. டாஸ்மாக்கைக் காட்டி, அனுமதித்தால் பழக்கம் பெருகும் என்பதும் பொருந்தாது. அங்கே அரசே விற்கிறது. இங்கே விற்பனையை அனுமதிக்க நான் சொல்லவில்லை. போதை நகரைச் சரிக்கிறது என்ற பொதுக்கூற்றுக்கும் கூடுவாஞ்சேரி இணங்கவில்லை: நந்திவரத்தோடு சேர்ந்து 2021-இல் நகராட்சியாகி, 2023 இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தை அருகில் பெற்று வளர்ந்துகொண்டிருக்கும் ஊர் இது. கஞ்சா இங்கே வாடகை வீடுகளின், விடுதிகளின் பெருக்கத்தோடு சேர்ந்தே வந்தது.

தமிழக அரசு 2025-இல் ‘கலங்கரை’ என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்களைத் தொடங்கியது. ஓரிகனில் பிந்தி வந்தது இங்கே முந்திவிட்டது. இனி, சிறிய அளவோடு பிடிபடும் ஒவ்வொருவரிடமும் பிரிவு 64அ-வைக் காவல் நிலையத்திலேயே எடுத்துச் சொல்வதைக் கட்டாயமாக்க வேண்டும். முதல் முறை பிடிபடுபவருக்கும் அந்த விலக்கை நாடாளுமன்றம் நீட்டிக்க வேண்டும்.