தடையற்ற வர்த்தக ஒப்பந்தங்களும் மக்கள் போராட்டங்களும்: டங்கல் வரைவு முதல் பிரிட்டன் ஒப்பந்தம் வரை

புதுதில்லி: தாய்லாந்து தலைநகர் பாங்காக்கில் 2019 நவம்பர் 4 அன்று நடைபெற்ற உச்சி மாநாட்டில், ஆர்.சி.இ.பி. எனப்படும் பிராந்திய விரிவான பொருளாதாரக் கூட்டாண்மை ஒப்பந்தத்தில் இந்தியா இணையாது என்று பிரதமர் நரேந்திர மோடி அறிவித்தார். அதே நாளில் அகில இந்திய விவசாயிகள் போராட்ட ஒருங்கிணைப்புக் குழுவின் அழைப்பை ஏற்று, நாட்டின் பல மாநிலங்களில் விவசாயிகள் அந்த ஒப்பந்தத்திற்கு எதிராக ஆர்ப்பாட்டம் நடத்திக்கொண்டிருந்தனர். ஏழு ஆண்டுகள் பேச்சுவார்த்தை நடத்திய ஒரு வர்த்தக ஒப்பந்தத்திலிருந்து இந்தியா இறுதிக் கட்டத்தில் விலகியது அரிய நிகழ்வு. அதன் பின்னணியில் கால் நூற்றாண்டுக்கும் மேலான போராட்ட வரலாறு உள்ளது.

இரு நாடுகளோ பல நாடுகளோ தமக்குள் பரிமாறிக்கொள்ளும் பொருள்களின் மீதான சுங்க வரியைப் படிப்படியாகக் குறைக்கவோ நீக்கவோ செய்துகொள்ளும் உடன்பாடே தடையற்ற வர்த்தக ஒப்பந்தம். காலப்போக்கில் இதன் எல்லை விரிந்தது. காப்புரிமை, முதலீடு, சேவைகள், அரசுக் கொள்முதல் ஆகியவையும் இன்று இதில் அடங்குகின்றன. எதிர்ப்புகளில் பெரும்பகுதி வரி விகிதத்தைப் பற்றியதாக இருந்தாலும், கூர்மையானவை இந்தப் பிற அத்தியாயங்களைச் சுற்றியே எழுந்தன.

விதையிலிருந்து தொடங்கிய எதிர்ப்பு

'காட்' அமைப்பின் தலைமை இயக்குநர் ஆர்தர் டங்கல் 1991 டிசம்பரில் முன்வைத்த வரைவுதான் இந்திய விவசாயிகளைச் சர்வதேச வர்த்தக விதிகளுக்கு எதிராக முதன்முதலாகப் பெருமளவில் திரட்டியது. பயிர் ரகங்களுக்கு அறிவுசார் சொத்துரிமைப் பாதுகாப்பு அளிக்க வேண்டும் என்ற அதன் பகுதி, அறுவடையில் ஒரு பங்கை அடுத்த விதைப்புக்கு எடுத்துவைக்கும் வழக்கத்தையே பறித்துவிடும் என்ற அச்சம் பரவியது.

பச்சைத் துண்டை அடையாளமாகக் கொண்ட கர்நாடக மாநில ரைத்த சங்கம் இதில் முன்னணியில் நின்றது. அதன் தலைவர் எம்.டி. நஞ்சுண்டசாமி சட்டப் பேராசிரியராகப் பணியாற்றியவர். வரைவின் வாசகங்களைக் கன்னடத்தில் கிராமக் கூட்டங்களில் விளக்கியது அச்சங்கத்தின் பலமாக அமைந்தது. 1992 டிசம்பரில் பெங்களூரிலிருந்த கார்கில் விதை நிறுவனத்தின் அலுவலகத்திற்குள் சங்கத்தினர் புகுந்து ஆவணங்களைத் தீயிட்டனர். 1993 ஜூலையில் பெல்லாரியில் அந்நிறுவனம் அமைத்துக்கொண்டிருந்த விதை ஆலை தகர்க்கப்பட்டது. சொத்துகளைச் சேதப்படுத்துவது காந்திய வழியாகுமா என்ற விவாதம் அப்போதே எழுந்தது. உயிருக்குத் தீங்கு இழைக்காத எதுவும் அகிம்சைக்கு முரணன்று என்பது சங்கத்தின் வாதம். அதே ஆண்டு மார்ச்சில் தில்லியிலும், அக்டோபரில் பெங்களூரிலும் மாபெரும் விவசாயிகள் பேரணிகள் நடைபெற்றன.

ஒப்பந்தம் நிற்கவில்லை. 1994 ஏப்ரலில் மொராக்கோவின் மராகேஷ் நகரில் கையெழுத்தாகி, 1995 ஜனவரி 1 அன்று உலக வர்த்தக அமைப்பு செயல்பாட்டுக்கு வந்தது. ஆயினும் போராட்டம் வீணானது என்று கூறிவிட முடியாது. பயிர் ரகங்களைப் பாதுகாக்க அந்தந்த நாடு தனிச் சட்டம் இயற்றிக்கொள்ளலாம் என்ற விதியைப் பயன்படுத்தி, பயிர் ரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தை 2001இல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. பாதுகாக்கப்பட்ட ரகமாயினும் அதன் விளைச்சலைச் சேமிக்கவும், மீண்டும் விதைக்கவும், பகிரவும், வணிகப் பெயரிடாமல் விதையாக விற்கவும் விவசாயிக்கு உரிமை உண்டு என்று அச்சட்டத்தின் 39ஆவது பிரிவு கூறுகிறது. குஜராத்தில் சில உருளைக்கிழங்கு விவசாயிகள் மீது பெப்சிகோ நிறுவனம் தொடுத்த வழக்கில் விவசாயச் சங்கங்கள் இந்தப் பிரிவையே முன்னிறுத்தின. கடும் எதிர்ப்புக்குப் பின் 2019 மே மாதத்தில் அந்நிறுவனம் வழக்கைத் திரும்பப் பெற்றது.

மிளகு சென்ற வழி

இந்தியா - ஆசியான் சரக்கு வர்த்தக ஒப்பந்தம் 2009 ஆகஸ்ட் 13 அன்று பாங்காக்கில் கையெழுத்தானபோது எதிர்ப்பின் மையம் கேரளத்திற்கு நகர்ந்தது. ரப்பர், மிளகு, ஏலக்காய், தேயிலை, காப்பி, தேங்காய், மீன் என அம்மாநிலத்தின் வருவாய்ப் பொருள்கள் யாவும் வியட்நாம், தாய்லாந்து, இந்தோனேசியா, மலேசியா ஆகிய நாடுகளிலும் விளைகின்றன அல்லது கிடைக்கின்றன. ஒரே பொருளை விற்கும் இரண்டு கடைகளுக்கு இடையிலுள்ள சுவரை அகற்றுவது போன்றது இது.

அவ்வாண்டு அக்டோபர் 2, காந்தி பிறந்த நாளில், காசர்கோடு முதல் திருவனந்தபுரம் வரை இடது ஜனநாயக முன்னணி நடத்திய மனிதச் சங்கிலியில் அன்றைய முதலமைச்சர் வி.எஸ். அச்சுதானந்தன் பங்கேற்றார். ஒரு மாநில முதலமைச்சரே மத்திய அரசு கையெழுத்திட்ட சர்வதேச ஒப்பந்தத்திற்கு எதிராகச் சாலையில் நின்றது அன்று பெரிதும் பேசப்பட்டது.

மத்திய அரசும் கவலைகளை முற்றிலும் புறக்கணிக்கவில்லை. இயற்கை ரப்பர் உள்ளிட்ட 489 பொருள்கள் வரிக் குறைப்பிலிருந்து விலக்கப்பட்டன. மிளகு, காப்பி, தேயிலை, பாமாயில் ஆகியவை சிறப்புப் பட்டியலில் வைக்கப்பட்டு, அவற்றின் வரி 2019 இறுதி வரை மெல்லக் குறைக்கப்பட்டது. அந்தக் காலத்தின் முடிவிலும் மிளகுக்கு 50 சதவீத வரி மீதமிருந்தது.

ஆனால் மிளகு விவசாயிகளைப் பின்னாளில் வாட்டியது இந்த ஒப்பந்தம் மட்டுமன்று. 1998இல் கையெழுத்தாகி 2000ஆம் ஆண்டு மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இந்தியா - இலங்கை ஒப்பந்தத்தின் சலுகை வழியாக, வியட்நாம் மிளகு இலங்கை மிளகு என்ற பெயரில் வருவதாகக் கேரளத்திலும் குடகிலும் உள்ள தோட்டக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் புகார் கூறினர். ஒரு பொருள் எந்த நாட்டில் விளைந்தது என்பதைச் சான்றளிக்கும் விதியே இத்தகைய ஒப்பந்தங்களின் பலவீனமான கண்ணி. மிளகு மணியைப் பார்த்து அதன் ஊரைச் சொல்வது சுங்க அதிகாரிக்கு எளிதன்று. விலை சரிந்த நிலையில், கிலோவுக்கு 500 ரூபாய் என்ற குறைந்தபட்ச இறக்குமதி விலையை மத்திய அரசு 2017 டிசம்பரில் நிர்ணயித்தது. ஆப்பிளிலும் இதே கதை நிகழ்ந்தது. ஈரான் ஆப்பிள் ஆப்கானிஸ்தான் பெயரில் வரியின்றி நுழைவதாக இமாச்சலப் பிரதேச, காஷ்மீர் விவசாயிகள் முறையிட்டனர். 2023 மே மாதத்தில் கிலோவுக்கு 50 ரூபாய்க்குக் குறைவான ஆப்பிள் இறக்குமதிக்குத் தடை விதிக்கப்பட்டது. பூடானுக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது.

அச்சம் ஒருபக்கமானதாகவும் இருந்ததில்லை. இந்தியாவுடன் சேவைத் துறையையும் உள்ளடக்கிய ஒப்பந்தம் செய்ய இலங்கை அரசு 2016இல் முயன்றபோது, அந்நாட்டு அரசு மருத்துவர்கள் சங்கம் அதை எதிர்த்துக் களமிறங்கியது. இந்தியப் பணியாளர்கள் பெருமளவில் வந்துவிடுவார்கள் என்பது அங்கு எழுந்த குரல்.

நோயாளிகளின் பேரணி

ஐரோப்பிய ஒன்றியத்துடன் 2007இல் தொடங்கிய பேச்சுவார்த்தைக்கு எதிராக வீதிக்கு வந்தவர்களில் முக்கியமானோர் எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்பவர்கள். 2011 மார்ச் 2 அன்று தில்லியில் நடந்த பேரணியில் பிற ஆசிய நாடுகளிலிருந்தும் நோயாளிகள் கலந்துகொண்டனர். அவர்கள் எதிர்த்தது 'தரவுத் தனியுரிமை' என்ற ஒற்றைக் கோரிக்கையை.

ஒரு மருந்தைக் கண்டுபிடித்த நிறுவனம் அதன் பாதுகாப்பை நிரூபிக்கச் சமர்ப்பிக்கும் ஆய்வுத் தரவுகளைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு வேறு நிறுவனங்களுக்காக அரசு பயன்படுத்தக் கூடாது என்பதே அதன் பொருள். காப்புரிமை இல்லாத மருந்துக்கும் இது பொருந்தும் என்பதால், மலிவு விலை மருந்து சந்தைக்கு வருவது தாமதமாகும். இது இந்தியாவின் பிரச்சினை மட்டுமன்று. வளரும் நாடுகளுக்கு நன்கொடை நிதியில் வாங்கப்பட்ட எய்ட்ஸ் மருந்துகளில் 80 சதவீதத்திற்கும் மேற்பட்டவை இந்தியத் தயாரிப்புகள் என்று அக்காலத்தில் வெளியான ஆய்வு காட்டியது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் இந்த எதிர்ப்பில் இணைந்தது. தரவுத் தனியுரிமையை ஏற்பதில்லை என்ற நிலையை இந்தியா விட்டுக்கொடுக்கவில்லை. 2013இல் பேச்சுவார்த்தை முடங்கியதற்கு கார், மது வகைகள் மீதான வரி உள்ளிட்ட பல காரணங்கள் இருந்தன. 2022 ஜூனில் பேச்சு மீண்டும் தொடங்கியது.

பாலுக்காகத் திரண்ட எதிர்ப்பு

ஆர்.சி.இ.பி. எதிர்ப்பு இவை அனைத்திலும் மாறுபட்டது. இடதுசாரி விவசாயச் சங்கங்களும், ஆர்.எஸ்.எஸ். சார்பு அமைப்பான சுதேசி ஜாக்ரண் மஞ்சும், அமுல் கூட்டுறவு நிர்வாகமும் ஒரே ஒப்பந்தத்தை எதிர்த்து நின்றன. அவற்றை இணைத்த பொருள் பால்.

ஆசியானின் 10 நாடுகளுடன் சீனா, ஜப்பான், தென் கொரியா, ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து, இந்தியா என 16 நாடுகள் 2012 முதல் இதற்கான முயற்சியில் ஈடுபட்டன. 2018-19இல் இந்தியாவின் பால் உற்பத்தி சுமார் 18.8 கோடி டன். நியூஸிலாந்தின் உற்பத்தி இதில் எட்டில் ஒரு பங்குக்கு அருகில்தான். ஆனால் இந்தியா தன் பாலை ஏறத்தாழ முழுவதும் தானே அருந்துகிறது. நியூஸிலாந்தோ தன் உற்பத்தியில் 90 சதவீதத்திற்கும் மேல் ஏற்றுமதி செய்கிறது. எனவே அந்நாட்டு ஏற்றுமதியில் ஒரு சிறு பகுதி திசைமாறினாலும் இந்தியப் பால்பவுடர் சந்தை ஆட்டம் காணும் என்பது கூட்டுறவுகளின் வாதம்.

பால்பவுடரின் விலை ஏன் முக்கியம் என்பதற்கு 2018ஆம் ஆண்டே சான்று. பால் மிகுந்து சுரக்கும் மாதங்களில் எஞ்சும் பாலைப் பவுடராக்கிச் சேமிப்பதே பால் நிறுவனங்களின் வழக்கம். பவுடர் விலை வீழ்ந்தால் நிறுவனங்கள் கொள்முதல் விலையைக் குறைக்கும். அவ்வாண்டு சர்வதேச விலைச் சரிவால் அப்படித்தான் நடந்தது. மகாராஷ்டிரத்தில் ஜூலை மாதம் விவசாயிகள் பாலைச் சாலையில் ஊற்றிப் போராடினர். பால்பவுடருக்கு 60 சதவீத இறக்குமதி வரி இருந்த நிலையிலேயே இந்த நெருக்கடி என்றால், அந்த வரி நீங்கினால் என்னவாகும் என்ற கேள்விக்கு அரசிடம் திருப்தியான விடை இல்லை. சுமார் 8 கோடி குடும்பங்கள் பால் தொழிலைச் சார்ந்தவை. அவற்றில் பெரும்பாலானவை இரண்டு, மூன்று மாடுகளை மட்டுமே வைத்திருப்பவை.

இருப்பினும், விலகலுக்குப் பால் ஒன்றே காரணம் என்று கருதுவது மிகைப்படுத்தல். ஆர்.சி.இ.பி. நாடுகளுடனான இந்தியாவின் வர்த்தகப் பற்றாக்குறை 2018-19இல் சுமார் 10,500 கோடி டாலராக இருந்தது. அதில் பாதி சீனாவுடனானது. இறக்குமதி திடீரெனப் பெருகினால் வரி தானாக உயரும் பாதுகாப்பு முறையை இந்தியா கோரியது. வரிக் குறைப்புக்கான அடிப்படை ஆண்டை 2014இலிருந்து மாற்றவும் வலியுறுத்தியது. இவற்றில் உடன்பாடு எட்டப்படவில்லை. எஞ்சிய 15 நாடுகள் 2020 நவம்பர் 15 அன்று கையெழுத்திட்டன. 2022 ஜனவரி முதல் ஒப்பந்தம் நடைமுறையில் உள்ளது.

தெரியாத வாசகத்தை எதிர்ப்பது

எல்லாப் போராட்டங்களிலும் திரும்பத் திரும்ப ஒலித்த குறை ரகசியம். பேச்சுவார்த்தைக் காலத்தில் வரைவுகள் வெளியிடப்படுவதில்லை. கசிந்த அத்தியாயங்களைக் கொண்டே அமைப்புகள் வாதிட்டன. அரசமைப்பின் மத்தியப் பட்டியல் சர்வதேச ஒப்பந்தங்களை மத்திய அரசின் அதிகாரத்தில் வைக்கிறது. அவற்றுக்கு நாடாளுமன்றத்தின் முன் ஒப்புதல் கட்டாயமில்லை. வேளாண்மையோ மாநிலப் பட்டியலில் உள்ளது. விவசாயத்தின் விலையைத் தீர்மானிக்கும் ஒப்பந்தத்தில் மாநிலத்திற்குக் குரல் இல்லை என்ற கேரளத்தின் 2009ஆம் ஆண்டு வாதம் இன்றும் விடையின்றி நிற்கிறது.

ஆர்.சி.இ.பி.க்குப் பின் இந்தியா வேறு பாதையைக் கையாள்கிறது. 2022இல் ஆஸ்திரேலியாவுடன் செய்த ஒப்பந்தத்தில் பால் பொருள்கள் விலக்கப்பட்டன. 2025 ஜூலை 24 அன்று கையெழுத்தான பிரிட்டன் ஒப்பந்தத்தில் பால் பொருள்களுடன் ஆப்பிள், ஓட்ஸ், சமையல் எண்ணெய் ஆகியவற்றுக்கும் சலுகை இல்லை. பிரிட்டன் ஆயத்த ஆடைகளுக்கு விதித்துவந்த 12 சதவீதம் வரையிலான வரி நீங்குவதால், திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் இதை வரவேற்றனர். மறுபுறம், இந்த ஒப்பந்தத்தையும் அமெரிக்காவுடன் பேசப்பட்டுவந்த ஒப்பந்தத்தையும் எதிர்த்து, சம்யுக்த கிசான் மோர்ச்சா 2025 ஆகஸ்ட் 13ஐ 'கார்ப்பரேட்டுகளே வெளியேறுங்கள்' நாளாக அறிவித்து டிராக்டர் பேரணிகளை நடத்தியது. அதற்குச் சில நாள்கள் முன்பு, எம்.எஸ். சுவாமிநாதன் நூற்றாண்டு மாநாட்டில் பேசிய பிரதமர், விவசாயிகள், கால்நடை வளர்ப்போர், மீனவர்கள் ஆகியோரின் நலனில் சமரசம் கிடையாது என்று உறுதியளித்திருந்தார்.

அதே ஆகஸ்ட் மாதத்தில், பருத்தி மீதான 11 சதவீத இறக்குமதி வரிக்கு மத்திய அரசு செப்டம்பர் இறுதி வரை விலக்கு அளித்தது. அமெரிக்காவின் 50 சதவீத வரியால் தவித்த நூற்பாலைகளும் ஆடை ஆலைகளும் அதை வரவேற்க, அறுவடைக்குக் காத்திருந்த பருத்தி விவசாயிகளின் சங்கங்கள் உடனே திரும்பப் பெறுமாறு கோரின. விலக்கு டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது.