மழலையர் கல்வியில் மாஸ்டர் டிகிரி: ஃபீஸ் கட்டும் முன் இதைப் படிங்க!

“எல்.கே.ஜி பசங்களுக்கு ரைம்ஸ் சொல்லித்தர எதுக்குப்பா மாஸ்டர் டிகிரி?” - மழலையர் கல்வியில் முதுநிலைப் படிப்பு படிக்கப்போகிறேன் என்று வீட்டில் சொன்னால், முதலில் வரும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். நியாயமான கேள்விதான். ரைம்ஸ் சொல்லித்தர மட்டும் என்றால் இந்தப் படிப்பு தேவையே இல்லை. அப்போ வேறு எதற்கு? வாங்க, பார்க்கலாம்.

என்ன சொல்லித்தருவார்கள்?

பிறந்ததிலிருந்து எட்டு வயது வரையிலான பருவம்தான் இந்தப் படிப்பின் களம். குழந்தையின் மொழி, உடல், உணர்வு, சிந்தனை எல்லாம் எப்படி வளர்கின்றன, அதற்கேற்ப வகுப்பறையை எப்படி அமைப்பது என்பதுதான் பாடம்.

ஒரு உதாரணம். ஒரே அளவுள்ள இரண்டு டம்ளர்களில் சம அளவு தண்ணீர் வைத்து, ஒன்றை மட்டும் குழந்தையின் கண்ணெதிரே உயரமான டம்ளருக்கு மாற்றுங்கள். ‘எதில் அதிகம்?’ என்று கேட்டால், நான்கு வயதுக் குழந்தை பெரும்பாலும் உயரமான டம்ளரைத்தான் காட்டும். அது மக்கு என்று அர்த்தமில்லை. அந்த வயதின் சிந்தனை அப்படி. சுவிட்சர்லாந்து உளவியலாளர் பியாஜே விளக்கியது இது. ஒன்றிலிருந்து நூறு வரை ஒப்பிக்கும் குழந்தைக்கு எண்கள் புரிந்துவிட்டன என்று ஏன் சொல்ல முடியாது என்பது இப்போது புரிகிறதா?

இவரோடு வைகாட்ஸ்கி, மான்டிசோரி, நம் நாட்டின் கிஜுபாய் பதேகா, தாராபாய் மோடக் ஆகியோரையும் படிப்பீர்கள். மான்டிசோரி 1939-ல் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர்.

அவ்வளவு முக்கியமா?

அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்தில் 1962-ல் ‘பெர்ரி ப்ரீஸ்கூல்’ ஆய்வு தொடங்கியது. ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 123 குழந்தைகளை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் தரமான மழலையர் கல்வி கொடுத்தார்கள். 40 வயதில் பார்த்தபோது, அந்தக் குழுவில் வேலையில் இருப்பவர்களும் கூடுதலாகச் சம்பாதிப்பவர்களும் அதிகம், கைதானவர்கள் குறைவு. சின்ன ஆய்வுதான். ஆனால், இந்தத் துறையைப் பற்றி எங்கே பேசினாலும் இதன் பெயர் வரும்.

எங்கே படிக்கலாம்?

பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். பல இடங்களில் இது எம்.எஸ்சி ‘ஹியூமன் டெவலப்மென்ட்’ என்ற பெயரில், ஹோம் சயின்ஸ் துறைக்குள் இருக்கும்.

* கோவை அவினாசிலிங்கம், டெல்லி லேடி இர்வின் கல்லூரி: இரண்டும் பெண்களுக்கானவை.
* பரோடா எம்.எஸ். பல்கலைக்கழகம்: இந்தத் துறையில் பழைய, பெயர்பெற்ற இடம்.
* டெல்லி அம்பேத்கர் பல்கலைக்கழகம்: மழலையர் கல்விக்கென்றே எம்.ஏ கொண்டுவந்த இடம்.

பொதுவாக இரண்டு வருடப் படிப்பு. சில இடங்களில் ஹோம் சயின்ஸ், சைக்காலஜி போன்ற பின்னணி கேட்பார்கள். சில இடங்களில் எந்த டிகிரியும் போதும். அந்தந்த வருட அட்மிஷன் அறிவிப்பைப் பாருங்கள்.

வேலை எப்படி?

இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். பல ப்ளே ஸ்கூல்களில் சம்பளம் குறைவு. மாஸ்டர் டிகிரி இருக்கிறது என்பதற்காகத் தனியாக ஏற்றித் தருவதும் அரிது. அரசுப் பள்ளி ஆசிரியர் ஆக வேண்டுமென்றால், உரிய ஆசிரியர் பயிற்சியும் டெட் தேர்ச்சியும் வேண்டும். அதற்கு இந்த எம்.ஏ, எம்.எஸ்சி மாற்று கிடையாது.

இந்தப் படிப்பு உண்மையில் கைகொடுக்கும் இடங்கள் வேறு:

* பாடத்திட்டம், கற்றல் பொருள்கள் தயாரிப்பது
* ஆசிரியர்களுக்கும் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் பயிற்சி தருவது
* குழந்தைகளுக்காக இயங்கும் தொண்டு நிறுவனங்கள், ஆய்வுத் திட்டங்கள்
* கல்லூரி விரிவுரையாளர் (ஹோம் சயின்ஸ் பாடத்தில் நெட் எழுதலாம்)

1975-ல் தொடங்கிய ஐ.சி.டி.எஸ் திட்டத்தின் கீழ் நாடு முழுக்க அங்கன்வாடிகள் இயங்குகின்றன. 2019-ல் தமிழக அரசு, 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி, யு.கே.ஜி வகுப்புகளைத் தொடங்கியது. இத்தனை குழந்தைகளுக்கும் என்ன சொல்லித்தருவது, எப்படிச் சொல்லித்தருவது என்று திட்டமிட ஆட்கள் வேண்டும்தானே?

இந்த நான்கையும் கேளுங்கள்

1. தருவது பல்கலைக்கழக டிகிரியா, தனியார் சான்றிதழா? ‘பி.ஜி டிப்ளமோ’ என்று விளம்பரம் செய்வதெல்லாம் முதுநிலைப் பட்டம் ஆகாது.
2. யு.ஜி.சி அங்கீகாரம் உண்டா? தொலைநிலைப் படிப்பு என்றால், அந்த வருடத்துக்கு, அந்தப் படிப்புக்கே அனுமதி இருக்கிறதா?
3. குழந்தைகளோடு நேரடிப் பயிற்சி எத்தனை வாரம்? அது இல்லாத படிப்பு, தண்ணீரில் இறங்காமல் நீச்சல் கற்பதுபோல.
4. போன பேட்ச் மாணவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்? இரண்டு பேரிடமாவது போனில் பேசுங்கள்.

வகுப்பறையில் குழந்தைகளோடு இருப்பதுதான் உங்கள் ஆசை என்றால், முதலில் ஆசிரியர் பயிற்சி. மாஸ்டர் டிகிரி பிறகு. பல நூறு வகுப்பறைகள் எப்படி இயங்க வேண்டும் என்று யோசிக்கப் பிடிக்கும் என்றால், தயங்காமல் அப்ளை பண்ணுங்க. அதற்கு முன், பக்கத்து அங்கன்வாடியில் அனுமதி வாங்கி ஒரு வாரம் உட்கார்ந்து பாருங்கள். இந்த வேலை உங்களுக்குச் சரிவருமா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.