மனையியல் படித்தவர்களும் படிக்காத நாமும்

நூற்றாண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டார்கள். வைத்தியர் என்பதால், மருத்துவத்துறைக்குப் போன பழைய மாணவிகளைப் பற்றி எழுதித் தருவோம் என்று நினைத்திருப்பார்கள். நாம் எழுத விரும்பியது மனையியல் அறையைப் பற்றி.

1990களின் நடுவில் க.பொ.த. சாதாரண தரம் படித்தவர்கள் நாம். கணிதமும் விஞ்ஞானமும் நன்றாக வந்தவர்கள் அந்த அறைப்பக்கம் எட்டியும் பார்ப்பதில்லை. ஏலக்காய் வாசம் வந்தால் மூக்கை இழுத்துக்கொண்டு ஆய்வுகூடத்துக்கு நடப்போம். "சமைக்கப் படிக்கிறதுக்கும் ஒரு பாடமோ?" என்று கேலி செய்ததும் நாம்தான்.

அதே காலத்தில் நம் பாடசாலைக்கு வெளியே நடந்ததை நினைத்துப் பார்க்கலாம். 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணம் ஒரே இரவில் இடம்பெயர்ந்தது. அதற்கு முன்னும் பின்னும் வந்து சேர்ந்த குடும்பங்களால் வெள்ளவத்தை லொட்ஜுகளும் ஹெவ்லொக் டவுன் ஒழுங்கைகளின் வாடகை அறைகளும் நிறைந்தன. கையில் காசில்லாத பெண்கள் இடியப்பம் பிழிந்தார்கள், புட்டு அவித்தார்கள், மதியச் சாப்பாட்டுப் பார்சல் கட்டினார்கள். கைப்பக்குவத்துக்குக் குறைவில்லை. ஆனால் ஒரு பார்சலுக்கு உண்மையில் எவ்வளவு செலவாகிறது, சம்பல் எத்தனை மணிவரை தாங்கும், எஞ்சிய சோற்றை என்ன செய்வது என்று சொல்லிக்கொடுக்க ஆளில்லை.

இந்த அறிவைப் பெண்களிடம் கொண்டுபோக வேண்டும் என்று இந்நகரில் பாடுபட்டவர் ஒரு வைத்தியர்தான். கனடாவின் ஒன்டாரியோவில் 1873இல் பிறந்த மேரி இரத்தினம், தமிழரான எஸ். சி. கே. இரத்தினத்தை மணந்து 1896இல் இலங்கைக்கு வந்தார். ஹெவ்லொக் டவுனுக்குப் பெயர் தந்த ஆளுநரின் மனைவி பெயரால் கொழும்பில் இருந்த லேடி ஹெவ்லொக் பெண்கள் மருத்துவமனையில் சிறிது காலம் பணியாற்றிய பின், தனியாக மருத்துவம் பார்த்தார். பெண்கள் வாக்குரிமைக்காகப் போராடினார். 1937இல் கொழும்பு மாநகர சபைக்கும் தெரிவானார். அவருடைய வேலைகளில் நம்மை அதிகம் ஈர்ப்பது 1930இல், 57 வயதில், தொடங்கிய லங்கா மகிளா சமிதிதான்.

அதற்கு முன்மாதிரி அவர் பிறந்த ஒன்டாரியோவிலேயே இருந்தது. அங்கே அடிலேட் ஹூட்லெஸ் என்ற தாய் 1889இல் கைக்குழந்தையை இழந்தார். கெட்டுப்போன பால்தான் காரணம் என்று நம்பிய அவர், பெண்களுக்கு மனைநலக் கல்வி வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசினார். 1897இல் ஸ்டோனி கிரீக் என்ற ஊரில் முதலாவது மாதர் சங்கம் பிறந்தது. மேரி இரத்தினம் அதனை நம் கிராமங்களுக்கு ஏற்ப மாற்றினார். சுகாதாரம், போசணை, வீட்டுத்தோட்டம், கைத்தொழில் எல்லாம் ஒன்றாகக் கற்பிக்கப்பட்டன. மனையியல் ஆசிரியர்களுக்கென்று கைந்நூலும் எழுதினார். 1958இல் அவருக்கு மக்சேசே விருது கிடைத்தது. அவர் மனதில் இருந்த மனையியல் நல்ல மருமகளை உருவாக்கும் பாடமன்று. குழந்தையைச் சாகவிடாத பாடம், கையில் நாலு காசு சேர்க்கும் பாடம். நம் பாடசாலைகளுக்கு வந்து சேர்வதற்குள் அது எப்படியோ கேக்கும் பின்னல் வேலையுமாகச் சுருங்கிவிட்டது.

சோற்றின் கதையை மருத்துவக் கல்லூரியில்தான் கற்றோம். பசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்திகள் கொதிநீரிலும் சாவதில்லை. சோற்றை வெளியே ஆறவிட்டு மணிக்கணக்கில் வைத்தால் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும்; மீண்டும் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. அறுபது பாகை செல்சியசுக்கு மேல் சூடாக வை, அல்லது விரைவாக ஆற்றிக் குளிரூட்டியில் வை. நாம் நுண்ணுயிரியலில் படித்த இதை மனையியல் படித்த நம் வகுப்புத் தோழி ஒருத்தி ஐந்து வருடம் முந்தியே கொப்பியில் எழுதி வைத்திருந்தாள்.

அவள் இன்று ஹெவ்லொக் டவுனில் வீட்டின் பின்புறத்தில் இடியப்பக் கடை நடத்துகிறாள். பெயர் போடக்கூடாது என்பது அவள் கட்டளை. 2017 செப்டெம்பரில் லஞ்ச் ஷீட் தடை வந்தபோது வாழையிலைக்கு மாறினாள். 2022இல் காஸ் சிலிண்டருக்கு நாடே வரிசையில் நின்றபோது ஒரே அடுப்பில் தட்டுகளை அடுக்கி அவித்தாள். கோதுமை மா விலை ஏறியதும் குரக்கன் மாவையும் அரிசி மாவையும் கலந்து பார்த்தாள். முதல் வாரம் இடியப்பம் துண்டு துண்டாக உடைந்தது. மாவை வறுக்கும் பதத்தையும் கொதிநீரின் அளவையும் நாள்தோறும் குறித்துத்தான் சரிப்படுத்தினாள். இப்போது நம் நீரிழிவு நோயாளர் சிலர் அங்கே வாடிக்கை. குரக்கன் என்றதும் கணக்கில்லாமல் சாப்பிடலாம் என்று அவர்கள் நினைப்பதுதான் நமக்குத் தலையிடி.

வடக்கில் இந்த முயற்சி வேறொரு வடிவத்தில் நடக்கிறது. விவசாயத் திணைக்களம் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து நடத்தும் 'ஹெல போஜுன்' உணவகங்கள் வடமாகாணத்தில் 'அம்மாச்சி' என்ற பெயரில் இயங்குகின்றன. பெயருக்காகவே பெரிய வாக்குவாதம் நடந்தது. சமைப்பதை வாடிக்கையாளர் நேரே பார்க்கலாம். சமைக்கும் பெண்ணே விற்கிறாள், வருமானமும் அவளுக்கே. நாம் யாழ்ப்பாணம் போனால் திருநெல்வேலி அம்மாச்சியில் வரிசையில் நிற்காமல் திரும்புவதில்லை.

கொழும்பில் வீட்டுக்குள் சமைத்து விற்கும் பெண்களுக்கும் ஒரு வழி உண்டு. தேசியத் தொழிற்றகைமை முறையில், வகுப்புக்குப் போகாமலே இருபது வருட அனுபவத்தை மதிப்பீட்டாளர் முன் செய்துகாட்டிச் சான்றிதழ் பெறலாம். வங்கிக் கடனுக்குப் போகும்போது அந்தத் தாள் உதவும். நம் தோழியிடம் வேலை செய்யும் இரண்டு பெண்களுக்கு இதைச் சொன்னோம். "பரீட்சை எண்டால் பயம் அக்கா" என்றாள் மூத்தவள். இளையவள் விண்ணப்பப் படிவத்தை வாங்கி வைத்திருக்கிறாள்.

நூற்றாண்டு விழா மதியச் சாப்பாட்டை அந்தக் கடையிலேயே எடுக்கச் சங்கம் தீர்மானித்திருக்கிறது. தோழி ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள்: சாப்பாடு பன்னிரண்டு மணிக்கு மண்டபத்துக்கு வரும், இரண்டு மணிக்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும். பேச்சாளர்கள் தயவுசெய்து கவனிக்கவும்.